கன்னின்னு சொல்லித்தான் குடுத்தாரு

எங்க வூட்டுக்காரரு பேச்ச நிறுத்துன வருஷம் நான் ஒரு ஆடு வாங்குனேன். ஆட்டுக்கும் அவரு பேச்சுக்கும் இன்னா சம்மந்தம்னு கேப்பீங்க. எனக்கே அப்போ தெரியாது.

நாங்க திருவொத்தியூர் பக்கம் கடக்கரை குப்பம். அவரு காசிமேட்டுலேர்ந்து விசைப்படகுல போய்கினு இருந்த ஆளு. ஒரு தபா கடல்ல வலைய இழுக்கும்போது ரோப்பு வந்து அவரு வலது கைய சுத்திகிச்சு. கை தப்பிச்சுது, தோள்பட்ட தப்பிக்கல. ஆஸ்பத்திரில எலும்ப சேத்து வச்சாங்க, ஆனா கைய தோளுக்கு மேல தூக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. தூக்க முடியாத கைக்கு போட்ல இன்னா வேல? கரையோட நின்னுட்டாரு.

நின்ன மனுஷன் வூட்டுக்குள்ள வந்து செவுத்த பாத்து குந்துனாரு. அவ்ளோதான். முன்னல்லாம் இந்த ஆளு வாய மூடவே மாட்டாரு. எந்த போட்ல இன்னா மீனு, எவன் வலை கிழிஞ்சுது, எவன் எவனோட சண்ட போட்டான், எல்லாத்தையும் தெருமொனைல ஆரம்பிச்சு வூட்டு வாசல் வரைக்கும் கத்திகினே வருவாரு. சோறு போட்டா சோத்தோட பேச்சு, படுத்தா படுத்துகினே பேச்சு. அந்த வாய யாரோ பூட்டிட்டு சாவிய கடல்ல போட்டுட்ட மாதிரி ஆயிப்போச்சு. துன்னியான்னு கேட்டா "ம்". காத்தாட வெளிய வான்னா "ம்". நான் விடிகாலைல காசிமேட்ல மீன் எடுத்துகினு, தண்டையார்பேட்டைல கூடைய எறக்கி வித்துட்டு, மத்தியானம் வூட்டுக்கு வருவேன். வுட்டுட்டு போன எடத்துலயே குந்திகினு இருப்பாரு.

எனக்கு பொறுமையின்றது பொறவியிலயே கெடயாது. திட்டுவேன். "யோவ், அந்த செவுரு இன்னா உன் மாமியாளா? அத்தயே மொறச்சுகினு கீற?" அதுக்கும் "ம்". நல்லா சண்ட போடற புருஷனோட குடும்பம் பண்ணிடலாம், "ம்"முன்றவனோட எப்டி பண்றது? திட்டி முடிச்சிட்டு சமையக்கட்டுல போய் அழுவேன். பயம், வேற ஒன்னுமில்ல. எங்க குப்பத்துலயே இதே மாதிரி கைகால் போயி செவுத்த பாத்து குந்துன ஒருத்தரு அப்டியே ஒடுங்கி ஒடுங்கி போய் சேந்தாரு. இந்த ஆளும் அப்டி போயிடுவாரோன்னுதான் எனக்கு ராத்திரில தூக்கம் வராது.

நான் கூடைய எறக்கற தெருவுல ஒரு கறிக்கட பாய் கீறாரு. என் கிட்ட சங்கரா வாங்குவாரு, நான் அவரு கிட்ட ஆட்டுக்கால் வாங்குவேன், அப்டி பழக்கம். பக்ரீத் வந்தா கடைக்கு பின்னால தகரக் கொட்டாய் போட்டு, தெக்கத்தி சந்தைலேர்ந்து லாரி லாரியா ஆடு எறக்குவாரு. நான் மீன் வித்த மீதி நேரம் அங்க போய் வேடிக்க பாப்பேன். வர்றவங்களுக்கு பாய் ஆட்ட காட்டறது கல்யாண மண்டபத்துல சொந்தக்காரங்கள காட்டற மாதிரி இருக்கும். "இது கொடி ஆடு பாய், கால் ஒயரத்த பாருங்க. வெள்ள ஒடம்புல கருப்பு தெளிச்சா கரும்பொறை, செவப்பு தெளிச்சா செம்பொறை. இது சேலம் கருப்பு, பொட்டு வெள்ள கூட கெடயாது. இது தலைச்சேரி. அது ஜமுனாபாரி, வடக்கத்தி சரக்கு, காது எப்டி தொங்குது பாத்தீங்களா, மூக்கு கிளிமூக்கு. இது போயரு, வெளிநாட்டு சாதி, ஒடம்பு பூரா கறி." அப்றம் ஆட்டு வாய பொளந்து காட்டுவாரு. "ரெண்டு பல்லு போட்டாச்சு, நல்லா பாத்துக்கோங்க." பால் பல்லு விழுந்து முன்னால ரெண்டு பெரிய பல்லு மொளச்சா ஒரு வயசு தாண்டிச்சுன்னு அர்த்தமாம். குர்பானிக்கு வயசு வேணும், கொம்பு ஒடஞ்சிருக்கக் கூடாது, காது அறுந்திருக்கக் கூடாது. மீனுக்கு செவுள தூக்கி பாக்கறோம், ஆட்டுக்கு வாய தொறந்து பாக்கறாங்க, யாவாரம் எல்லாம் ஒன்னுதான்னு நெனச்சுக்குவேன்.

அந்த வருஷம் பக்ரீத் முடிஞ்சு கொட்டாய் காலியாயிடுச்சு. ஒரே ஒரு ஆடு மட்டும் கட்டி கெடந்துச்சு. கருப்பு ஆடு. கண்ணுக்கு மேலேர்ந்து மூக்கு வரைக்கும் ரெண்டு பக்கமும் வெள்ள கோடு, காதோரமும் வெள்ள, பாக்க ஷோக்கா இருந்துச்சு. ஆனா அது மூஞ்சிய தகரத்து பக்கம் திருப்பி வச்சிகினு நின்னுகினு இருந்துச்சு. தழைய போட்டாலும் திரும்பல. வூட்ல ஒன்னு, இங்க ஒன்னா?

"இன்னா பாய், இத மட்டும் வுட்டுட்ட?"

"அது பெட்டக்கா. கெடாங்களோட கெடாவா லாரில தப்பி ஏறி வந்துடுச்சு. சின்ன வயசு. அறுக்க மனசு வர்ல, வச்சிக்க எடமில்ல. நீ இட்டுகினு போறியா?"

"இன்னா ஆடு இது?"

"கன்னிக்கா. சொக்கமான கன்னி. கண்ண மூடிகினு இட்டுகினு போ."

இந்த வார்த்தைதான். பாய் சொன்னது கன்னி. நான் கேட்டதும் கன்னி. இதுல யாரு மேல தப்பு சொல்வீங்க?

ஷேர் ஆட்டோவுல ஆட்ட ஏத்தவே மாட்டேன்னாங்க. சண்ட போட்டு ஒரு குட்டியானை வண்டில பின்னால ஏத்திகினு வந்தேன். வாசல்ல கட்டிட்டு உள்ள போய் சொன்னேன். "யோவ், ஒரு ஆடு வாங்கியாந்துருக்கேன். கன்னி ஆடாம்."

அவரு தலைய திருப்புனாரு. "கன்னியா?"

"ம்"முக்கு அப்றம் நான் கேட்ட மொத வார்த்த அது. எங்க ஜனங்களுக்கு கன்னின்னா சும்மா வாய்ல வர்ற வார்த்தையில்ல. கடக்கரை மண்ணுல செங்கல் நட்டு மஞ்ச பூசி கன்னிமாருக்கு கல்பூரம் ஏத்திட்டுதான் எங்க ஆளுங்க கடல்ல கால் வெப்பாங்க. தண்ணிக்கு அவங்கதான் காவல். அந்த பேர கேட்டதும் மனுஷன் எழுந்தாரு. மூஞ்சி கழுவுனாரு. குங்குமத்த எடுத்தாந்து ஆட்டு நெத்தில, அந்த ரெண்டு வெள்ள கோட்டுக்கும் நடுவுல, இடது கையால பொட்டு வச்சாரு. ஆடு ஒரு தபா தும்மிட்டு அவரு சட்டைய மோந்து பாத்துச்சு.

அன்னிலேர்ந்து காவல் ஆரம்பிச்சுது. எங்க தெருவுல யாருக்கு சொந்தம்னே தெரியாத ஒரு கெடா சுத்தும். தாடி வச்சது, நாத்தம் கொடல பொரட்டும், போஸ்டர் ஒன்னு வுடாம கிழிச்சு துன்னும். பொட்ட ஆடு வாசன வந்தா வுடுமா? மறுநாளே மோப்பம் புடிச்சுகினு வந்துடுச்சு. நான் உள்ள மீன் ஆஞ்சுகினு இருந்தேன். வாசல்ல ஒரு சத்தம்.

"டேய், பேமானி! கன்னி ஆடு கீற வூட்டாண்ட இன்னாடா உனுக்கு வேல? மருவாதியா அந்தாண்ட போ! மவனே, தாடிய புடுங்கி கைல குடுத்துடுவேன்!"

என் புருஷன் கொரலு. அவ்ளோ சத்தமா, அவ்ளோ நீளமா. ஆஞ்சுகினு இருந்த மீன போட்டுட்டு வாசப்படில வந்து நின்னேன். கைல ஒரு கழி, கண்ணுல கோவம், தெருவே திரும்பி பாக்குது. எனக்கு சிரிப்பும் அழுகையும் ஒன்னா வந்துச்சு. அந்த கெடாவுக்கு கோயில் கட்டலாம்னு இருந்துச்சு.

அப்றம் அவரு வூட்டுக்குள்ள குந்தறதே இல்ல. காலைல ஆட்ட இட்டுகினு எண்ணூர் பக்கம் கல்லு கொட்டி வச்ச கரையோரமா போவாரு. கண்டெய்னர் லாரி வரிசையா நிக்கிற எடத்துல டிரைவருங்க கிட்ட பேசுவாரு. பூவரச எல ஒடிப்பாரு, ஒடிக்க முடியாத ஒயரத்துல இருந்தா லாரி மேல கீற பசங்கள ஒடிக்க சொல்வாரு. ஆடு பிளாஸ்டிக் கவர வாய்ல வச்சா வெரல வுட்டு புடுங்குவாரு. "கலீஜ துன்னாத கண்ணு, கன்னி துன்றதா இது?" ஆட்டுக்கு போட் பாஷைதான். "அணியத்த இந்தாண்ட திருப்பு" ன்னா தலைய இந்த பக்கம் திருப்புன்னு அர்த்தம், போட்டுக்கு மூக்கு அணியம். ஆடும் திரும்பும். ஆடி மாசம் குப்பத்து பொம்பளைங்க கன்னியம்மா ஆடுன்னு சொல்லி வாழப்பழம் குடுத்து கண்ல ஒத்திகினாங்க. மனுஷனுக்கு பெரும புடிபடல. கெடா எது வந்தாலும் கழிய தூக்கிகினு நிப்பாரு. வயசுக்கு வந்த பொண்ண வச்சிகினு கீற அப்பன் கூட அவ்ளோ காவல் காக்க மாட்டான்.

பொரட்டாசி மாசம் பாதி சனம் மீன் துன்னாது, யாவாரம் படுத்துடும். அதனால நானும் வூட்ல இருந்தேன். அப்பதான் கவனிச்சேன், ஆட்டு வயிறு ரெண்டு பக்கமும் பொடச்சுகினு இருந்துச்சு. பொரட்டாசி முடியறதுக்குள்ள இன்னும் பெருசாயிடுச்சு. படுத்தா எழுந்துக்க முனகுது. தழைய ரெண்டு கடி கடிச்சிட்டு வுட்டுடுது. அசை போடறதும் கொறஞ்சுபோச்சு.

எனக்கு ஒரு சந்தேகம் வராம இல்ல. மெதுவா கேட்டேன். "யோவ், ஒருவேள செனையா இருக்குமோ?"

அவரு பாத்த பார்வ இருக்கே! "இன்னாமே பேச்சு பேசற? கன்னிமே அது! நான் இன்னா பக்கத்துல குந்தி பூ தொடுத்துகினா இருந்தேன்? ஒரு கெடா கிட்ட வந்துருக்குமா? சொல்லு, ஒரு கெடா?"

மெய்யாலுமே ஒரு கெடா கூட கிட்ட வர்ல. அது எனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

எதிர்வூட்டு இட்லி கடக்காரிதான் தலைல கல்ல தூக்கி போட்டா. வந்து பாத்தா, வயித்த தட்டுனா, உச்சு கொட்டுனா. "இது பிளாஸ்டிக்கு. என் ஆட்டுக்கும் இதேதான். வயித்துக்குள்ள கவரு கட்டி கட்டியா சுருண்டு கெடந்துச்சு, தல அளவுக்கு. ஒன்னும் பண்ண முடியாது. தீவாளி வருது, பாய் கிட்ட குடுத்துடு. உசுரோட போனா கறி, செத்துப்போனா குழிதான்." சொல்லிட்டு போய் இட்லி ஊத்துனா.

ஓமத்தண்ணி குடுத்தோம். பெருங்காயம் கரைச்சு குடுத்தோம். வெளக்கெண்ண குடுத்தோம். வயிறு அப்டியேதான் இருந்துச்சு. மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்னா பேய் மழ, தெருவுல முட்டிக்கால் தண்ணி, ஒரு வண்டிக்காரன் வர்ல. இந்தாண்ட ஆடு முனகுது. அந்தாண்ட பாத்தா, அவரு உள்ள போய் குந்திட்டாரு. செவுத்த பாத்து.

"யோவ்."

"ம்."

ஆடு போறது வெறும் ஆடு மட்டும் போறது இல்லன்னு அப்பதான் எனக்கு ஒறச்சுது. இந்த தபா அந்த செவுத்துலேர்ந்து அவர திருப்ப எங்கிட்ட இன்னொரு கன்னி ஆடு கெடயாது. பக்கத்துல போய் குந்துனேன். "பிளாஸ்டிக்குன்றா. நோவு பட்டு சாவறத பாக்கறதுக்கு, பாய் கிட்ட குடுத்துடலாமா?" செவுத்த பாத்துகினே சொன்னாரு. "வலிக்காம போவட்டும்."

பாய்க்கு போன் போட்டேன். மழ வுட்டதும் காத்தால வரேன்னாரு. அன்னிக்கி நான் கன்னிமாரையும் வுடாம திட்டுனேன். உங்க பேர் வச்ச ஒரே ஜீவன், அத்த கூட காப்பாத்த துப்பில்லயான்னு கேட்டேன். அப்றம் பயந்து கன்னத்துல போட்டுகினேன்.

காலைல அவரு ஆட்டு மூஞ்சிய ஈரத்துணியால தொடச்சாரு. புதுசா பொட்டு வச்சாரு. ஒரு வாழப்பழத்த பிச்சு பிச்சு ஊட்டுனாரு. கடைசி துண்ட அது கீழ போட்டுடுச்சு. எடுத்து தொடச்சு மறுபடி குடுத்தாரு. பாய் டிவிஎஸ் வண்டி சத்தம் தெருமொனைல கேட்டதும் எழுந்து உள்ள போயிட்டாரு.

பாய் வந்தாரு, வண்டிய ஸ்டாண்டு போட்டாரு, ஆட்ட பாத்து "அடடா, பாவம்"னாரு. எனக்கு எங்கேர்ந்துதான் அவ்ளோ ஆத்திரம் வந்துச்சோ. "இன்னா பாவம்? ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுவுதாக்கும்! நோவு கண்ட ஆட்ட என் தலைல கட்டிட்டு இப்ப உச்சு கொட்ட வந்துட்டியா?" பாய் அதுக்கெல்லாம் அசர்ற ஆளில்ல. கீழ குந்துனாரு. ஆட்டு வயித்துக்கு அடில ரெண்டு கையையும் குடுத்து மெதுவா தூக்கி புடிச்சாரு. அப்டியே கொஞ்ச நேரம் இருந்தாரு. காம்ப தொட்டு பாத்தாரு. அப்றம் சிரிச்சாரு.

சிரிச்சாரு! நான் அங்க வெந்துகினு கீறேன், அந்த மனுஷன் சிரிக்கிறாரு.

"அக்கா, இத்த நான் அறுக்க மாட்டேன். இது செனைக்கா."

"இன்னா சொன்ன?"

"செனை. மாசமா கீது. நாள் நெருங்கிடுச்சு, மடி எறங்கிகினு வருது பாரு."

"யோவ் பாய், யாரு கிட்ட காது குத்தற? கன்னின்னு சொல்லித்தானே குடுத்த?"

"ஆமாக்கா. கன்னிதான்."

"கன்னி எப்டிய்யா மாசமாவும்?"

பாய் என்ன பாத்தாரு. வாசப்படிய பாத்தாரு. ஆட்டு நெத்தில கீற பொட்ட பாத்தாரு. அப்டியே ஈர மண்ணுல சம்மணம் போட்டு குந்தி சிரிக்க ஆரம்பிச்சவரு, தொப்பி கழண்டு மடில விழுந்தப்புறமும் நிறுத்தல. கண்ணுல தண்ணி கொட்டுது. "யா அல்லா! அக்கா, கன்னின்னா சாதிக்கா! ஆட்டு சாதி! திருநெல்வேலி, கோவில்பட்டி பக்கத்து ஆடு. மூஞ்சில வெள்ள கோடு இருந்தா பால்கன்னி, செவப்பு கோடு இருந்தா செங்கன்னி. அந்த சாதில ஏழு குட்டி போட்ட கெழவி கூட கன்னிதான். கொடி ஆடுன்னு சொல்வேனே, அது இன்னா கொடி புடிச்சுகினா வந்துச்சு?"

"அப்ப பிளாஸ்டிக்கு?"

"பிளாஸ்டிக்கு ஒதைக்காதுக்கா. கைய வை."

வச்சேன். ஒன்னுமில்ல. கைய எடுக்கப் போனேன். உள்ளேர்ந்து பொத்துனு ஒரு ஒத. கைல பட்டுச்சு. மொத்தம் எத்தினி சாமி பேரு வாய்ல வந்துச்சுன்னு தெரியாது, பாய் சாமியும் சேத்துதான் கும்புட்டேன்.

திரும்பி பாத்தா வாசப்படில எங்க வூட்டுக்காரரு நிக்கிறாரு. மூஞ்சி கருத்துப்போயி.

"எவன்?"

பாய்க்கு புரியல. "இன்னா அண்ணாத்தே?"

"எவன்னு கேக்கறேன். அந்த தாடிக்காரனா? எப்ப வந்தான்? நான் கண்ண அசக்கலியே!"

அய்யோ, அந்த நேரத்துல கூட அந்த ஆளுக்கு அதுதான் கவல. பாய் சிரிப்ப அடக்கிகினு எழுந்து அவரு பக்கத்துல போனாரு. நெதானமா சொன்னாரு. "அண்ணாத்தே, ஆட்டுக்கு செனை அஞ்சு மாசம். இது பக்ரீத்துக்கு வந்துச்சு. கணக்கு போட்டு பாரு. சந்தைல லாரி ஏறும்போதே வயித்துல வாங்கிகினுதான் ஏறிருக்கு. பல்ல பாத்தனே தவுர நானும் வயித்த பாக்கல. உன் காவல்ல ஒரு கொறையும் இல்ல. ஒரு கெடா கூட உன்ன தாண்டல."

அவரு வாசப்படில குந்துனாரு. பெருசா ஒரு மூச்சு வுட்டாரு.

"அப்ப என் காவல் சுத்தம்?"

"சுத்தம்."

"கேட்டியாமே?"ன்னு என்ன பாத்தாரு. "சுத்தமாம்." அப்றம் அவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. மூனு பேரும் தெருவுல நின்னுகினு பைத்தியம் மாதிரி சிரிச்சோம். பாய்க்கு நான் டீ போட்டு குடுத்தேன், திட்டுனதுக்கும் சேத்து ரெண்டு முட்ட தோச போட்டேன். துன்னுகினே சொன்னாரு: இது தலையீத்து, மொத பிரசவம், ஆடு பயந்துக்கும், ஆளு பக்கத்துலயே இருக்கணும். குட்டி விழுந்ததும் மூக்கு வாய தொடைக்கணும். சீம்பால கறந்து கீழ வுடக்கூடாது, குட்டி குடிக்கணும். நஞ்சுக்கொடி தானா விழும், புடிச்சு இழுக்கக்கூடாது. எங்க வூட்டுக்காரரு ஒன்னொன்னையும் திருப்பி சொல்லி சொல்லி கேட்டுகினாரு. பாய் வெறும் வண்டிய ஓட்டிகினு போனாரு.

தீவாளிக்கு மொத நாள் மத்தியானம், பசங்க அங்கங்க வெடி வச்சுகினு இருக்கும்போது, ஆட்டுக்கு வலி கண்டுச்சு. தரைய கால்ல கீறுது, படுக்குது, எழுந்துக்குது, அவர பாத்து கத்துது. அவரு வாசல்ல நின்னு தெருவையே அதட்டுனாரு. "எவனாவது வெடி போட்டீங்க, வூடு பூந்து அடிப்பேன்! பிரசவம் நடக்குது இங்க!" பசங்க அப்டியே வத்திய அணைச்சிட்டு எட்டி பாத்துச்சுங்க. மொத குட்டி வழுக்கிகினு வந்து விழுந்துச்சு. கெடா. கருப்பு, மூஞ்சில அதே வெள்ள கோடு. தாய் நக்க ஆரம்பிச்சுது. ரெண்டாவது வந்துச்சு, துணி மாதிரி தொவண்டு கெடந்துச்சு. மூச்சில்ல.

நான் தலைல கைய வச்சிகினேன். அவரு வக்கல. குட்டிய ரெண்டு கைலயும் வாரி எடுத்தாரு, தலைய கீழ சாச்சாரு, வாய்க்குள்ள வெரல வுட்டு கோழைய வழிச்சாரு, மூக்குல வாய வச்சு உறிஞ்சி துப்புனாரு, நெஞ்ச தேய்ச்சாரு. கடல்ல தண்ணி குடிச்சவன போட்ல தூக்கிப்போட்டு பண்ற வேல. பண்ணிகினே பேசறாரு. "வந்துடு கண்ணு. வந்துடு. கரை தோ வந்துடுச்சு. தோ தெரியுது பாரு லைட் அவுசு. கொஞ்ச தூரம்தான். வந்துடு." குட்டி இருமுச்சு. ஒரு சின்ன கொரல்ல "மே"ன்னுச்சு. தெரு பசங்க எல்லாம் விசில் அடிச்சானுங்க. எங்க வூட்டுக்காரரு அத்த நெஞ்சோட அணைச்சுகினு ஓன்னு அழுதாரு. தோளு ஒடஞ்சப்போ கூட அவரு அழுது நான் பாக்கல. நானும் அழுதேன், நிம்மதியா அழுதேன்.

ரெண்டாவது பெட்ட. பாய்க்கு போன் போட்டு சொன்னா, "கெடா ஒன்னு, மறி ஒன்னா? மாஷா அல்லா!"ன்னாரு. ஈனாத பெட்டைக்கு மறின்னு பேராம்.

இட்லி கடக்காரி ஓடியாந்தா. மூக்குல வெரல வச்சா. "அய்ய, கன்னி ஆடு பெத்துடுச்சா? கலி முத்திப்போச்சுடி!"

எங்க வூட்டுக்காரரு அவள ஏற எறங்க பாத்தாரு. "கன்னின்னா இன்னான்னு நெனச்ச? சாதிமே அது. திருநெல்வேலி சாதி. இது பால்கன்னி, அதுலயே செங்கன்னின்னு ஒன்னு கீது. கொடின்னு ஒன்னு கீது, அது இன்னா கொடி புடிச்சுகினா வரும்? ஒன்னும் தெரியாம பிளாஸ்டிக்குன்னு சொல்லிகினு வந்துட்டா!" பொறந்ததுலேர்ந்து ஆடு மேய்ச்ச மாதிரி ஒரு தோரண. நான் முந்தானைல வாய பொத்திகினேன்.

அந்த தாடிக்கார கெடாவும் மறுநாள் வந்து தூரமா நின்னுச்சு. கழி எங்கன்னு தேடுச்சு போல. இவரு அகத்திக்கீரைல ஒரு கட்ட பிரிச்சு எடுத்துகினு தானே எதுருக்க போனாரு. "உன்ன சந்தேகப்பட்டுட்டேன் மாமு. மனசுல வச்சிக்காத. துன்னு." அது கீரைய துன்னுட்டு, பக்கத்துல ஒட்டியிருந்த போஸ்டரையும் கிழிச்சுகினு போச்சு.

அதுக்கப்புறம் அந்த ஆளு வாய் தெறந்தது தெறந்ததுதான். குட்டி ரெண்டு தபா துள்ளுனா எனக்கு நாலு தபா சொல்வாரு. எந்த காம்புல எது குடிக்குது, எது முரடு, எது சாது, பாய் இன்னா சொன்னாரு, லாரி டிரைவரு இன்னா சொன்னான், எல்லாம். நான் விடிகாலைல எழுந்து ஏலத்துல கத்தி, கூடைய தூக்கி, பஸ் ஏறி எறங்கி, மத்தியானம் வந்து கால நீட்டி ரெண்டு நிமிஷம் கண்ண மூடுனேன். காதுகிட்ட வந்து குந்திகினாரு. "இந்தாமே, கேளு. அந்த மறி இன்னிக்கு இன்னா பண்ணுச்சு தெரியுமா..." ஆரம்பிச்சவரு நிறுத்தல. எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறிடுச்சு.

"யோவ்! ஒரு அஞ்சு நிமிஷம் அந்த வாய மூடிகினு இரேன்யா!"

சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம்தான் இன்னா சொன்னேன்னு என் காதுல விழுந்துச்சு. எழுந்து குந்திட்டேன். அவரும் அப்டியே என்ன பாத்தாரு. வாசல்ல குட்டிங்க கத்திகினு கெடந்துச்சுங்க.

"மூட மாட்டேன், போமே,"ன்னாரு.

"மூடாத,"ன்னேன் நான். "சொல்லு. அந்த மறி இன்னா பண்ணுச்சு?"